கண்ணும் காமிராவும்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம் ஒரு சிறிய தகட்டைப் பற்றியதாகும். அது உங்களில் பெரும்பாலோருடைய சட்டைப் பையிலும் மடியிலும் இந்த நிமிஷத்திலேயே இருந்துகொண்டிருக்கிறது. செல்போனில் படம் பிடிக்கிற கண்ணாடிக்குப் பின்னால், விரல் நகத்தளவில், ஒரு சிலிக்கன் தகடு இருக்கிறது. அதற்கு சென்சார் என்று பெயர் சொல்லுகிறார்கள். அதாவது, வெளிச்சத்தை உணர்ந்து அதைக் கணக்காக மாற்றிக் கொடுக்கும் தகடு என்பது பொருள். இந்தத் தகட்டுக்கு அண்ணன் தம்பிகளாக, இதைவிடப் பல மடங்கு வேகமுள்ள தகடுகள் உலகத்து ஆராய்ச்சிக்கூடங்களில் வேலை செய்துகொண்டிருக்கின்றன. அவை என்ன வேலை செய்கின்றன, அவற்றால் மனிதனுக்குப் புதிதாக என்ன தெரிய வந்தது, அவற்றை எந்த அளவுக்கு நம்பலாம் என்பவைதான் இன்றையப் பேச்சு.

இது படித்தவர்கள் சமாச்சாரம், நமக்கென்ன என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. ஏனெனில் இது சாட்சியைப் பற்றிய விஷயமாகும். "நான் என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன்" என்று ஒருவன் சொல்லிவிட்டால் பஞ்சாயத்தில் அதற்கு மேல் பேச்சில்லை. ஆனால் நம் ஊர்களில் பழமொழி ஒன்று உண்டு: "கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்." இதில் முதல் இரண்டு பாகத்தை எதிராளியின் சாட்சியைக் கெடுப்பதற்கு நாம் தாராளமாக உபயோகிக்கிறோம். மூன்றாவது பாகம் வரும்போது மாத்திரம் நமக்கு நேரம் இருப்பதில்லை. அந்த மூன்றாவது பாகத்துக்கு வேண்டிய ஒரு கருவியைப் பற்றித்தான் நாம் பேசுகிறோம்.

கண்ணின் யோக்கியதை

முதலில் நம் கண்ணின் யோக்கியதையைப் பார்ப்போம். இருட்டில் ஒரு கொள்ளிக்கட்டையை எடுத்து வேகமாகச் சுழற்றினால் நெருப்பு வளையம் தெரிகிறது. வளையம் என்று ஏதாவது அங்கே இருக்கிறதா? கிடையாது. இருப்பது ஒரே ஒரு நெருப்பு முனை. மின்சார விசிறிக்கு மூன்று இறக்கை. சுழலும்போது ஒரு வட்டத் தட்டாகத் தெரிகிறது. சினிமாத் திரையில் ஆட்கள் ஓடுகிறார்கள், சண்டை போடுகிறார்கள் என்று பார்க்கிறோம். உண்மையில் அங்கே அசையாத படங்கள் வினாடிக்கு 24 வீதம் வந்து போகின்றன, அவ்வளவுதான். வினாடிக்குப் பத்துப் பன்னிரண்டு படங்களுக்கு மேல் வந்துவிட்டால் அவற்றைத் தனித்தனியாகப் பிரித்தறிய நம் கண்ணாலும் மூளையாலும் ஆவதில்லை. சினிமாக் கொட்டகைக்காரர்களின் வரும்படி முழுவதும் நம் கண்ணின் இந்த மந்தத்தினால் வருவதே தவிர வேறில்லை.

இதனால் கண் கெட்டது என்று நாம் சொல்ல வரவில்லை. கண் தன் வேலைக்குப் போதுமானது. மாட்டைப் பார்க்கவும், மேடு பள்ளம் பார்த்து நடக்கவும், முகம் அடையாளம் காணவும் போதும். ஆனால் வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் நடந்து முடிந்துவிடும் காரியத்துக்கு அதைச் சாட்சியாக இழுத்தால், அது தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லிவிடும். தெரியவில்லை என்று ஒப்புக்கொள்ளும் வழக்கம் கண்ணுக்கும் இல்லை, கண்ணை உடையவர்களுக்கும் இல்லை.

குதிரை வழக்கு

இதற்கு ஒரு பழைய வழக்கைச் சொல்லுகிறோம். குதிரை நாலுகால் பாய்ச்சலில் ஓடும்போது, நான்கு கால்களும் ஒரே சமயத்தில் தரையை விட்டு எழும்புகின்றனவா இல்லையா என்பது வழக்கு. மனிதன் பல ஆயிரம் வருஷங்களாகக் குதிரையை வளர்த்திருக்கிறான்; அதன்மேல் ஏறிச் சண்டை போட்டிருக்கிறான். ஆனால் இந்தச் சின்னக் கேள்விக்கு 1878 வரையில் நிச்சயமான பதில் கிடையாது. சித்திரக்காரர்களோ, குதிரை முன்னங்கால்களை முன்னாலும் பின்னங்கால்களைப் பின்னாலும் நீட்டிக்கொண்டு ஆகாயத்தில் பறப்பதாக எழுதிவந்தார்கள். ழெரிகோ என்கிற பிரெஞ்சுச் சித்திரக்காரர் 1821-இல் எழுதிய குதிரைப் பந்தயப் படம் பாரிஸ் மியூசியத்தில் இன்றும் இருக்கிறது. அதில் எல்லாக் குதிரைகளும் அப்படித்தான் பறக்கின்றன.

கலிபோர்னியாவில் கவர்னராக இருந்தவரும் ரயில்வே முதலாளியுமான லேலண்ட் ஸ்டான்போர்டு என்பவர், மைபிரிட்ஜ் என்கிற படக்காரரைக் கொண்டு இதைத் தீர்க்க முற்பட்டார். பெரிய தொகைக்குப் பந்தயம் கட்டினார் என்றும் கதை சொல்லுவார்கள். அதற்கு ஆதாரம் கிடையாது. 1878 ஜூன் மாதத்தில் பாலோ ஆல்டோ என்கிற இடத்தில், ஓடு பாதையின் ஓரத்தில் 12 காமிராக்களை வரிசையாக வைத்து, பாதைக்குக் குறுக்கே நூல்களைக் கட்டினார்கள். குதிரை ஓடும்போது ஒவ்வொரு நூலாக அறுந்து, ஒவ்வொரு காமிராவாக இயங்கியது. பத்திரிகைக்காரர்களையும் வரவழைத்து அவர்கள் முன்னிலையிலேயே படத்தை எடுத்துக் காட்டினார்கள்.

முடிவு என்ன? நான்கு கால்களும் தரையை விட்டு எழும்புவது வாஸ்தவம். ஆனால் கால்கள் நீட்டிக்கொண்டிருக்கும்போது அல்ல. வயிற்றின் அடியில் எல்லாக் கால்களும் மடங்கி ஒன்றுகூடும்போதுதான் எழும்புகின்றன. ஆகவே எழும்பவில்லை என்று சொன்னவர்களும் தோற்றார்கள். எழும்புகிறது என்று சொல்லிப் பறக்கும் குதிரையை எழுதியவர்களும் தோற்றார்கள். இரண்டு கட்சிக்கும் கண் இருந்தது. கண்ணுக்கு வேகம் இல்லை.

தகடு வேலை செய்யும் விதம்

மைபிரிட்ஜ் காலத்தில் 12 படத்துக்கு 12 காமிரா வேண்டியிருந்தது. பிறகு பிலிம் சுருள் வந்தது. பிலிமை எவ்வளவு வேகமாகத்தான் இழுக்க முடியும்? ஒரு அளவுக்கு மேல் இழுத்தால் கிழிந்துபோகும். அன்றியும் அதை மருந்தில் கழுவிப் பார்க்கும் வரையில் படம் விழுந்ததா இல்லையா என்பதே தெரியாது. அந்தக் கஷ்டங்களைத் தீர்த்தது சிலிக்கன் தகடு.

சிலிக்கன்மேல் வெளிச்சம் பட்டால், ஒளித்துளி ஒவ்வொன்றும் அதிலிருந்து ஒரு எலெக்ட்ரானைக் கிளப்பிவிடும். வெளிச்சம் இப்படித் துளித்துளியாக வந்து எலெக்ட்ரானைக் கிளப்புகிறது என்ற விளக்கத்தை 1905-இல் கொடுத்தவர் ஐன்ஸ்டைன். தகட்டை லட்சக்கணக்கான சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை எலெக்ட்ரான் சேர்ந்தது என்று எண்ணினால், எந்த இடத்தில் எவ்வளவு வெளிச்சம் என்று தெரிந்துவிடுகிறது. படம் என்பது அந்தக் கணக்குத்தான். வயலில் எந்தப் பாத்தியில் எவ்வளவு விளைந்தது என்று எழுதி வைத்த கணக்கைப் போன்றது அது.

இந்த எலெக்ட்ரான்களை எண்ணுவதில் இரண்டு முறை உண்டு. முதல் முறை 1969-இல் அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் வில்லார்ட் பாயில், ஜார்ஜ் ஸ்மித் என்கிற இருவர் கண்டுபிடித்தது. அதற்காக அவர்களுக்கு 2009-இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. இதை விளக்க வேண்டுமானால், கூரை தீப்பிடித்துக்கொண்டால் நாம் என்ன செய்கிறோம் என்று நினைத்துப் பாருங்கள். கிணற்றிலிருந்து வீடுவரை வரிசையாக நின்று, குடத்தைக் கைக்குக் கை மாற்றுகிறோம். அதைப்போல ஒவ்வொரு கட்டமும் தன்னிடமுள்ள எலெக்ட்ரான்களை அடுத்த கட்டத்துக்குத் தள்ள, அது அதற்கடுத்ததற்குத் தள்ள, கடைசியில் மூலையில் இருக்கும் ஒரு கணக்குப்பிள்ளை ஒவ்வொரு குடமாக அளந்து எழுதுகிறார். கணக்கு சுத்தமாக இருக்கும். ஆனால் அளப்பவர் ஒருவர்தானே? ஆகையால் வேகம் வராது.

இரண்டாவது முறை 1990-களில் எரிக் பாசம் என்பவரும் அவரது கூட்டத்தாரும் அமெரிக்க வான ஆராய்ச்சிக் கப்பல்களுக்குச் சிறிய காமிரா வேண்டுமென்று வளர்த்தது. இதில் குடத்தைக் கைமாற்றுவதே கிடையாது. ஒவ்வொரு கட்டத்திலும் அதனதன் அளவுகோல் இருக்கிறது. ஒவ்வொரு பத்திக்கும் ஒரு கணக்குப்பிள்ளை இருக்கிறார். ஒரே ஆளை நம்பி வேலை நிற்காமல் ஆயிரம் பேர் ஒரே சமயத்தில் அளக்கிறார்கள். செல்போன் காமிராவும், வினாடிக்கு ஆயிரக்கணக்கான படம் பிடிக்கும் ஆராய்ச்சிக் காமிராவும் இந்த ஒரே வழியைப் பின்பற்றியவைதான்.

வேகம் சும்மா கிடைத்துவிடுவதில்லை. தூறல் போடும்போது முற்றத்தில் ஒரு படியை வைத்து ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால், பெய்த மழையின் அளவைச் சொல்லலாம். கண் இமைக்கும் நேரம் மாத்திரம் வைத்து எடுத்தால் இரண்டு துளி இருக்கும், அல்லது ஒன்றுமே இருக்காது. அந்த இரண்டு துளியைக் கொண்டு மழையை அளப்பது எப்படி? படத்தை வேகப்படுத்த வேகப்படுத்த, ஒவ்வொரு படத்துக்கும் கிடைக்கும் வெளிச்சம் குறைந்துகொண்டே போகும். தகடு தானாகச் செய்யும் பிழை அந்தச் சொற்ப வெளிச்சத்தை விழுங்கிவிடும். ஆகவே ஒன்று வெளிச்சத்தைக் கூட்டவேண்டும். இல்லாவிட்டால் பிழை குறைந்த தகட்டைச் செய்யவேண்டும். அதோடு கணக்கைக் கொட்டி வைக்க இடமும் வேண்டும். பத்து லட்சம் கட்டமுள்ள தகடு வினாடிக்குப் பத்தாயிரம் படம் பிடித்தால், ஒரு வினாடியில் ஆயிரம் கோடி எண்கள் வந்து குவிகின்றன. எந்தக் கணக்குப்பிள்ளையாலும் ஆகாத வேலை. கம்ப்யூட்டர் இருப்பதால் நடக்கிறது.

கடலுக்கடியில் ஒரு அடி

இனி இவற்றின் உபயோகத்தைப் பார்ப்போம். கடலில் இறாலைப் போன்ற ஒரு பிராணி உண்டு. ஆங்கிலத்தில் மாண்டிஸ் ஷ்ரிம்ப் என்பார்கள். இது முன்கையால் ஓங்கி அடித்து நத்தையின் ஓட்டை உடைத்துத் தின்னும். இதன் அடியைச் சாதாரணக் காமிராவில் பிடித்தால், ஒரு படத்தில் கை மடங்கியிருக்கும், அடுத்த படத்தில் ஓடு உடைந்திருக்கும். நடுவில் நடந்தது தெரியாது. 2004-இல் ஷீலா படேக் என்கிற அம்மையாரும் கூட்டாளிகளும் வினாடிக்கு 5,000 படம் பிடிக்கும் காமிராவை வைத்துப் பார்த்தார்கள். அந்த அடி வினாடியில் ஆயிரத்தில் மூன்று பங்குக்குள் முடிந்துவிடுகிறது என்றும், கையின் வேகம் வினாடிக்கு 14 முதல் 23 மீட்டர் வரை இருக்கிறது என்றும் தெரிந்தது. 23 மீட்டர் என்றால் மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல், அதுவும் தண்ணீருக்குள்ளே! எந்தத் தசையாலும் அந்த வேகத்தில் நேராக இழுக்க முடியாது. ஆகவே வில்லை வளைத்து நாணை விடுவதுபோல, ஓட்டில் உள்ள ஒரு சேணம் போன்ற பாகத்தை மெதுவாக வளைத்து வைத்துக்கொண்டு, திடீரென்று விடுகிறது என்று கண்டார்கள். அடியின் வேகத்தில் தண்ணீரில் குமிழி உண்டாகி, அது உடையும்போது நத்தைக்கு இரண்டாவது அடியும் விழுகிறது.

2006-இல் அதே அம்மையார் கூட்டத்தார் ஒருவகை எறும்பின் தாடையைப் பார்ப்பதற்கு வினாடிக்கு 50,000 படம் பிடிக்க வேண்டியிருந்தது. அந்தத் தாடை வினாடியில் பதினாயிரத்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமான நேரத்தில் மூடிவிடுகிறது. காலடியில் ஊர்கிற எறும்பிடம் இப்படியொரு வேகம் இருக்கிறதென்று யாருடைய கண்ணும் சாட்சி சொன்னதில்லை.

நட்சத்திரம் ஏன் மினுக்குகிறது?

வாய்க்காலில் ஓடும் தண்ணீரின் அடியில் ஒரு காசு கிடந்தால் அது நெளிந்து நெளிந்து தெரியும். காசு நெளியவில்லை, தண்ணீர்தான் நெளிகிறது. அதுபோலவே நட்சத்திரம் மினுக்குவது நட்சத்திரத்தின் காரியமல்ல. நம் தலைக்கு மேலுள்ள காற்றின் காரியம். காற்றின் சலனம் வினாடியில் நூற்றில் சில பங்கு நேரத்துக்குள் மாறிவிடுகிறது. ஆகையால் நெடுநேரம் படம் பிடித்தால் நட்சத்திரம் ஒரு மங்கலான பொட்டாக ஆகிவிடும். எவ்வளவு பெரிய தூரதரிசனக் கண்ணாடி செய்தாலும் பிரயோஜனமில்லாமல் போயிற்று.

இதற்கு இரண்டு பரிகாரம் கண்டார்கள். ஒன்று, மிகக் குறுகிய நேரப் படங்களாக ஆயிரக்கணக்கில் எடுத்து ஒன்றுசேர்ப்பது. மற்றொன்று, ஒரு வேகத் தகடு காற்றின் சலனத்தை வினாடிக்கு நூற்றுக்கணக்கான தடவை அளந்து சொல்ல, அதற்கேற்றபடி ஒரு கண்ணாடியை அவ்வப்போதே நெளித்து, காற்று செய்த கோணலை நேராக்குவது. இந்த முறைகளை வைத்து, ஜெர்மனியில் ரைன்ஹார்ட் கென்சல் கூட்டத்தாரும், அமெரிக்காவில் ஆண்ட்ரியா கெஸ் அம்மையார் கூட்டத்தாரும், 1990-கள் தொடங்கி நம் பால்வீதி மண்டலத்தின் நடுவிலுள்ள நட்சத்திரங்களை வருஷக்கணக்காகக் கவனித்துவந்தார்கள். அங்கே ஒரு நட்சத்திரம் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்றை ஏறக்குறைய 16 வருஷத்துக்கு ஒருமுறை சுற்றிவருகிறது. அதன் பாதையிலிருந்து கணக்குப் போட்டால், நடுவில் இருப்பது சுமார் நாற்பது லட்சம் சூரியன்களின் எடையுள்ளது. இவ்வளவு எடை அவ்வளவு சிறிய இடத்தில் அடங்க வேண்டுமானால் அது கருந்துளையாகத்தான் இருக்கவேண்டும். 2020-இல் இருவருக்கும் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. இரண்டு கூட்டத்தாரும் ஒருவரையொருவர் நம்பாமல், போட்டியாகத் தனித்தனியே பார்த்து ஒரே முடிவுக்கு வந்தார்கள் என்பதே இதில் முக்கியம்.

மிளகாய் ஏன் எரிகிறது?

இனி நம் அடுப்பங்கரைக்கே வருவோம். மிளகாயைக் கடித்தால் வாய் சுடுகிறது என்கிறோம். நெருப்பு எங்கே இருக்கிறது? தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தால் சூடு ஏறியிருக்காது. நம் நரம்பு முனையில் சூட்டை உணர்வதற்கென்று ஒரு புரோட்டீன் வாசல் இருக்கிறது. ஏறக்குறைய 43 டிகிரிச் சூடு பட்டால் அது திறந்து, சுடுகிறது என்று மூளைக்குச் செய்தி அனுப்பும். மிளகாயின் காரச்சத்து அதே வாசலைத் திறந்துவிடுகிறது. மூளை ஏமாந்துபோய்ச் சுடுகிறது என்று அலறுகிறது. இந்த வாசலை 1997-இல் டேவிட் ஜூலியஸ் என்பவர் கூட்டத்தார் கண்டுபிடித்தார்கள். 2021-இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. வலியை உணர்வதிலும் இந்த வாசலுக்குப் பங்கு உண்டு. ஆகையால் அதன் உருவம் எப்படி, எங்கே திறக்கிறது என்று தெரிந்தால், வலிக்கு மருந்து தேடுகிறவர்களுக்கு வழி கிடைக்கும்.

அந்த உருவத்தைப் பார்ப்பதில்தான் கஷ்டம். வெளிச்சத்தால் பார்க்கும் மைக்ராஸ்கோப்புக்கு அது அகப்படாது. எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப் வேண்டும். புரோட்டீனைத் தண்ணீரோடு சேர்த்துக் கண நேரத்தில் உறையவைத்து, எலெக்ட்ரான்களை அதன் வழியாகச் செலுத்துவார்கள். எலெக்ட்ரான்கள் அதிகமானால் புரோட்டீன் கருகிப்போகும். குறைந்தால் படம் மங்கிப்போகும். இதுவும் போதாதென்று, எலெக்ட்ரான் பட்டவுடன் புரோட்டீனும் ஐஸும் அசைகின்றன. போட்டோ ஸ்டூடியோவில் குழந்தை அசைந்தால் படம் எப்படிக் கலைந்துவிடுமோ, அப்படிக் கலைந்துவிடும். இந்தக் காரணங்களால் அந்தக் காலத்தில் இந்த முறையை "உருண்டை சாஸ்திரம்" என்று மற்ற விஞ்ஞானிகள் பரிகாசம் செய்தார்கள். எதைப் பார்த்தாலும் உருண்டையாகத்தான் தெரிந்தது!

இந்த அவமானத்தைத் துடைத்தது ஒரு வேகத் தகடு. முன்பெல்லாம் எலெக்ட்ரானை முதலில் வெளிச்சமாக மாற்றி, அந்த வெளிச்சத்தைப் படம் பிடித்தார்கள். மாற்றும்போதே பாதி தெளிவு போய்விடும். புதிய தகடு எலெக்ட்ரானை நேராகவே தன்மேல் வாங்கிக்கொள்கிறது. வினாடிக்கு 400 தடவை கணக்கெடுப்பதால், வந்து விழும் எலெக்ட்ரான்களை ஒவ்வொன்றாக எண்ணுகிறது. அன்றியும் ஒரே படமாக எடுக்காமல் சினிமாவைப்போல வரிசையாகப் பல படங்கள் எடுப்பதால், புரோட்டீன் எவ்வளவு நகர்ந்தது என்று பார்த்து, ஒவ்வொரு படத்தையும் அந்த அளவுக்குப் பின்னால் நகர்த்தி ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்க்க முடிகிறது. அசைவு கழிந்துவிடுகிறது, உருவம் நிற்கிறது.

2013 டிசம்பரில், ஜூலியஸும் யிபான் செங் என்பவரும் அவர்கள் கூட்டத்தாரும் இந்த முறையில் மிளகாய் வாசலின் உருவத்தை வெளியிட்டார்கள். 3.4 ஆங்ஸ்ட்ராம் நுணுக்கத்துக்கு அது தெரிந்தது. ஒரு மில்லிமீட்டரைக் கோடி பாகமாக வெட்டினால் ஒரு பாகம் ஒரு ஆங்ஸ்ட்ராம். பரிகாசம் செய்தவர்களே அந்த மைக்ராஸ்கோப்பை வாங்கப் புறப்பட்டார்கள். இந்த முறையை வளர்த்த டுபோஷே, பிராங்க், ஹென்டர்சன் என்கிற மூவருக்கும் 2017-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இது எதற்கு ஆயிற்று என்று கேட்பீர்கள். 2020 ஜனவரியில் கொரோனா வைரஸின் மரபெழுத்து வெளியாயிற்று. அடுத்த மாதமே, பிப்ரவரியில், வைரஸ் நம் உடலைப் பற்றிக்கொள்ள உபயோகிக்கும் முள்ளின் உருவத்தை டெக்ஸாஸ் சர்வகலாசாலையைச் சேர்ந்தவர்கள் இதே முறையில் படம் பிடித்து வெளியிட்டுவிட்டார்கள். அந்த முள் ஓயாமல் உருமாறும் குணமுள்ளது. ஊசிமருந்தில் அதைப் பழைய உருவிலேயே நிறுத்திவைக்க வேண்டும். அதே குடும்பத்து வேறு வைரஸ்களின் முள்ளை 2016, 2017 வருஷங்களிலேயே ஆராய்ந்து, இரண்டே இரண்டு இடத்தில் திருத்தினால் அது நிற்கும் என்று கண்டிருந்தார்கள். பைசர், மாடர்னா முதலிய ஊசிகளில் அந்தத் திருத்தம் சேர்ந்தது. இந்த நாட்டில் பெரும்பாலோர் போட்டுக்கொண்ட கோவிஷீல்டில் அந்தத் திருத்தம் இல்லை என்பதையும் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகிறோம். மற்ற நாடுகளில் கோடிக்கணக்கான மக்களுடைய உடலில் ஏறிய மருந்துக்கு, முன்பு உருண்டை என்று பரிகசிக்கப்பட்ட படங்கள் உதவின என்பது போதும்.

காமிராவும் பொய் சொல்லும்

நிற்க, இவ்வளவும் சொன்னதால் காமிரா சொன்னால் முடிந்தது என்று யாரும் புறப்பட்டுவிடக் கூடாது. கண்ணை நம்பியதுபோலக் காமிராவையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பினால், ஒரு எஜமானனை விட்டு மற்றொரு எஜமானனிடம் போனதாகவே ஆகும்.

சினிமாவில் வண்டி முன்னால் ஓடும்போது சக்கரம் பின்னால் சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் சக்கரம் ஏறக்குறைய ஒரு ஆரக்கால் தூரம் சுற்றிவிட்டால், சற்றுப் பின்வாங்கியதாகத் தோன்றும். செல்போனில் சுழலும் விசிறியைப் படம் பிடித்தால் இறக்கை அரிவாள்போல வளைந்து தெரியும். தகடு மேல் வரிசையை முதலிலும் கீழ் வரிசையைப் பிறகும் கணக்கெடுப்பதால், அதற்குள் இறக்கை நகர்ந்துவிடுகிறது. விசிறி கோணலல்ல, கணக்கெடுத்த விதம் கோணல். இதற்காகவே ஆராய்ச்சிக் காமிராக்கள் பலவற்றில் எல்லாக் கட்டங்களும் ஒரே கணத்தில் மூடும்படி செய்திருக்கிறார்கள்.

இவையெல்லாம் சின்னப் பொய்கள். பெரிய பொய் ஒன்று உண்டு. அது காமிராவினுடையதல்ல, பார்க்கிறவனுடையது. டெலிவிஷனில் ஒன்றும் வராதபோது புள்ளி புள்ளியாக இரைச்சல் தெரியுமே, அதைப்போல ஒன்றுமே இல்லாத ஆயிரம் படங்களை எடுத்துக்கொண்டார்கள். ஐன்ஸ்டைனுடைய போட்டோவை மாதிரியாக வைத்து, ஒவ்வொரு இரைச்சல் படத்தையும் அந்த முகத்தோடு எப்படி வைத்தால் அதிகம் பொருந்துகிறதோ அப்படி நகர்த்தி, எல்லாவற்றையும் சேர்த்துச் சராசரி எடுத்தார்கள். என்ன வந்தது தெரியுமா? ஐன்ஸ்டைனுடைய முகம் வந்தது! ஆயிரம் படத்தில் ஒன்றிலாவது ஐன்ஸ்டைன் இல்லை. தேடியவர் அவரைத் தேடினார், ஆகையால் அகப்பட்டார்.

2013-இல் மேலே சொன்ன ஹென்டர்சன் இதையே எடுத்துக்காட்டித் தம்முடைய துறைக்காரர்களை எச்சரித்தார். எய்ட்ஸ் வைரஸின் முள்ளைப் பற்றி அப்போது வெளியான ஒரு படம் இப்படிப்பட்டதுதானா என்று பெரிய விவாதம் நடந்த சமயம் அது. தம்முடைய துறைக்கு நல்ல காலம் பிறக்கிற சமயத்தில், தம் துறையின் குற்றத்தைத் தாமே எடுத்துச் சொன்னார் பாருங்கள், அதைத்தான் நாம் யோக்கியதை என்கிறோம். இதற்குப் பரிகாரமும் உண்டு. படங்களை இரண்டு பங்காகப் பிரித்து, ஒன்றின் முடிவு மற்றொன்றுக்குத் தெரியாதபடி தனித்தனியே உருவத்தைத் தேடவேண்டும். இரண்டும் ஒத்துப்போகும் அளவுக்கு மாத்திரமே நம்பவேண்டும். நல்ல பஞ்சாயத்தார் இரண்டு சாட்சிகளை ஒருவர் காதில் ஒருவர் பேச்சு விழாதபடி தனியே விசாரிப்பார்களே, அதேதான்.

நாம் செய்ய வேண்டியது

கடைசியாக உங்களுக்கு ஒரு வேலை கொடுக்கிறோம். உங்கள் கையிலுள்ள செல்போன்களில் பல வினாடிக்கு 240 படம் பிடிக்கும். மெதுவாகக் காட்டும் படம் என்று அதில் ஒரு வசதி இருக்கும். மைபிரிட்ஜிடம் இல்லாத கருவி உங்களிடம் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு நாம் என்ன பார்க்கிறோம் என்பதை நாம் சொல்லவேண்டியதில்லை.

பாரமான பொருள் சீக்கிரம் விழும், லேசானது மெதுவாக விழும் என்று இன்னமும் பலர் சொல்லுகிறார்கள். ஒரு அரைக் கிலோ படிக்கல்லையும் ஒரு கோலிக்குண்டையும் ஒரே உயரத்திலிருந்து ஒருசேர விடச் செய்து, செல்போனில் பிடித்து, படங்களை எண்ணிப் பாருங்கள். 1.2 மீட்டர் உயரமானால் இரண்டுக்கும் ஏறக்குறைய 120 படங்கள் ஆகும். பிறகு ஒரு காகிதத்தை விட்டுப் பாருங்கள், அது தாமதிக்கும். அதே காகிதத்தைக் கசக்கி உருட்டி விட்டுப் பாருங்கள். எடை மாறாதபோது வேகம் ஏன் மாறியது என்று பிள்ளைகளைக் கேளுங்கள். அவர்கள் காற்று என்று சொல்லும் வரையில் நீங்கள் சொல்லாதீர்கள். நாம் இங்கே சொன்னதையும் நாம் சொன்னோம் என்பதற்காக நம்பவேண்டாம். எண்ணிப் பார்த்துவிட்டு, தவறாக இருந்தால் அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று சொல்லுங்கள்.

குதிரைக் கால் விஷயத்தில் மனிதன் பல ஆயிரம் வருஷம் தவறாகப் பார்த்தான். அதனால் பெரிய நஷ்டமில்லை. ஆனால் வைரஸ் முள்ளிலும், நோயிலும், மருந்திலும் தவறாகப் பார்த்தால் உயிர் போகும். ஆகவே தோழர்களே, கண்ணை உபயோகியுங்கள், காமிராவையும் உபயோகியுங்கள். இரண்டையும் குறுக்கு விசாரணை செய்ய ஒருபோதும் தயங்காதீர்கள்.